டெஸ்ட் எல்லாம் பச்சை, நிரல் சரிதானா?

2,250 ரூபாய் பொருளுக்கு 5 சதவீத வரி போட்டால் 112 ரூபாய் 50 காசு வரும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆவது பிரிவு, செலுத்த வேண்டிய வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது. காசு ஐம்பதோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும். ஆக, விடை 113. பைதான் என்ற நிரல்மொழியில், எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனிடம் 112.5ஐக் கொடுத்துப் பாருங்கள், 112 என்று சொல்லும்.

பைதானைக் குறை சொல்ல முடியாது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது பைதான் 3இன் விதி. எல்லாப் பாதிகளையும் மேலேயே ஏற்றினால், லட்சக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு அது. அதே ஃபங்ஷனிடம் 113.5ஐக் கொடுத்தால் 114 வரும். சட்டம் கேட்பதும் 114தான். இப்படிச் சரிபாதியில் நிற்கும் எண்களில் பாதிக்குச் சட்டமும் பைதானும் ஒத்துப்போகும், மீதிப் பாதியில் ஒரு ரூபாய் குறையும். இந்த மாதிரிப் பிழை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சிறு குழுவில் வேலை பார்க்கிறேன். வரியை முழு ரூபாயாக்கும் ஃபங்ஷனை ஏஐயிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்த தம்பி, “அக்கா, டெஸ்ட்டும் அதுவே எழுதிடுச்சு. எல்லாமே பச்சை” என்றான். டெஸ்ட் என்பது, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா என்று ஃபங்ஷனை ஓட்டிப் பார்க்கும் சிறு நிரல்; வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. திறந்து பார்த்தேன். 112.4 இருந்தது, 112.6 இருந்தது, 113.5 இருந்தது, பூஜ்ஜியம்கூட இருந்தது. “112.5 எங்கப்பா?” என்று கேட்டேன். “சேர்க்கச் சொல்றேன்க்கா” என்று ஒரு வரி தட்டினான். புது டெஸ்ட் வந்தது, அதுவும் பச்சை. எதிர்பார்க்கும் விடை என்ற இடத்தில் 112 என்று எழுதியிருந்தது. தான் எழுதிய ஃபங்ஷனைத் தானே ஓட்டிப் பார்த்து, வந்த விடையையே எதிர்பார்ப்பாக எழுதி வைத்திருக்கிறது.

ஏஐ எழுதும் நிரலை எப்படி நம்புவது என்று யார் கேட்டாலும் எனக்கு இந்த டெஸ்ட்தான் நினைவுக்கு வருகிறது. நிரலை மட்டும் உற்றுப் பார்த்து அது சரியா என்று சொல்ல முடியாது. எது சரி என்பது நிரலுக்கு வெளியே இருக்கிறது: சட்டப் பிரிவில், கடைக்காரர் கேட்டதில், தமிழ் எழுத்து எப்படி இயங்குகிறது என்பதில். அங்கிருந்து எடுத்து வந்து நிரலின் முன்னால் வைத்தால்தான் அது சோதனை. கணக்கு எழுதுகிறவரையே தணிக்கையும் செய்ய விடுவதில்லை. அவர் நேர்மை மேல் சந்தேகப்பட்டு அல்ல. எழுதும்போது எதைக் கவனிக்காமல் விட்டாரோ அதைத் தணிக்கையிலும் விட்டுவிடுவார் என்பதால். ஒரே ஏஐ மாடல் நிரலையும் எழுதி டெஸ்ட்டையும் எழுதும்போது நடப்பது இதுதான்.

மனிதர்கள் எழுதிய நிரல் மட்டும் சுத்தமாக இருந்ததா என்று கேட்பார்கள். இல்லைதான். வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிளந்து தேடும் பைனரி சர்ச், ஒவ்வொரு கல்லூரியிலும் சொல்லித்தரும் பாடம். ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை இருந்ததாக 2006இல் ஜோஷுவா ப்ளாக் எழுதினார். அந்த லைப்ரரிக்காக அதை எழுதியவரும் அவர்தான். நடு இடத்தைக் கண்டுபிடிக்க முதலையும் கடைசியையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் இல்லையா, பட்டியல் நூறு கோடி உறுப்புகளைத் தாண்டினால் அந்தக் கூட்டல் 32 பிட் எண்ணுக்குள் அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். அந்த நிரலைப் படித்தவர்கள் எண்ணற்றவர்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் படிக்கும்போது அது சரியாகத்தான் தெரிகிறது. ஏஐ எழுதும் நிரலுக்கு இந்தக் குணம் இன்னும் அதிகம். பெயர்கள் அழகாக இருக்கும், கமென்ட் தெளிவாக இருக்கும், அமைப்பு பாடப்புத்தகம் போல இருக்கும். முன்பெல்லாம் கந்தலாக எழுதிய நிரல்தான் நம்மைக் கவனமாகப் படிக்க வைக்கும். இப்போது அந்த எச்சரிக்கைக் குறி போய்விட்டது.

மாடல்களை அளக்கும் தேர்வுகளிலும் இதே சிக்கல் வந்தது. 2021இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஹியூமன்இவால் என்ற தேர்வில், நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய 164 கணக்குகள். கணக்கு ஒன்றுக்குச் சராசரியாக 7.7 டெஸ்ட். வெளிவந்த ஒவ்வொரு மாடலும் அதில் எவ்வளவு வாங்கியது என்றுதான் பேச்சு. 2023இல் இவால்பிளஸ் குழுவினர் அதே கணக்குகளுக்கு டெஸ்ட்டுகளை 80 மடங்காக்கினார்கள். மாடல்களின் மதிப்பெண் மளமளவென்று சரிந்தது, சிலவற்றுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். அது மட்டுமில்லை, தேர்வு வைத்தவர்கள் மாதிரி விடை என்று எழுதி வைத்திருந்தவற்றிலேயே சில தப்பு என்பதும் தெரியவந்தது. மாடல் எதுவும் மாறவில்லை, நிரல் ஒரு வரி மாறவில்லை. கேள்வி கேட்பவர் கொஞ்சம் அழுத்திக் கேட்டார், அவ்வளவுதான்.

சரி, ஒரு மாடல் எழுதட்டும், இன்னொரு மாடல் ரிவியூ செய்யட்டும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் நம்பலாமாம். இந்த யோசனைக்கு வயது அதிகம். ஒரே தேவைக்குப் பலரைத் தனித்தனியாக நிரல் எழுதச் சொல்லி, பெரும்பான்மை சொல்லும் விடையை எடுத்துக்கொள்ளலாம் என்று விமானம் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருளுக்காக 1970களிலிருந்தே பேசி வந்தார்கள். ஜான் நைட், நான்சி லெவசன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைச் சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் இர்வைனிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் மாணவர்களிடம் ஒரே தேவையைக் கொடுத்து 27 நிரல்கள் எழுத வைத்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிரலையும் பத்து லட்சம் உள்ளீடுகளில் ஓட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல நிரல்கள்தான். ஆனால் அவற்றின் பிழைகள் சிதறி விழவில்லை. ஒரே உள்ளீட்டில் பல நிரல்கள் சேர்ந்து தவறின, தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிக அதிகமாக. கணக்கின் கடினமான மூலை எல்லோருக்கும் அதே மூலையாகத்தான் இருந்தது.

வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆசிரியரிடம் படித்த மனிதர்களுக்கே இப்படி. ஒரே இணையத்தைப் படித்து வளர்ந்த இரண்டு மாடல்கள் எந்த அளவுக்குத் தனித்தனி? பைதானில் முழு எண்ணாக்க ரவுண்ட் என்று இருவருமே எழுதுவார்கள், இருவருமே அதை ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது மாடலிடம் ரிவியூ கேட்பது வீண் என்று சொல்லவில்லை. நானும் கேட்கிறேன், நல்ல பிழைகளைப் பிடித்தும் தருகிறது. அது பிழை சொன்னால் எடுத்துக்கொள்கிறேன். பிழை இல்லை என்று சொன்னால் அதை எதற்கும் ஆதாரமாக வைத்துக்கொள்வதில்லை.

ஏஜென்ட் எனப்படும் இப்போதைய ஏஐ கருவிகள் தாமே கோப்பைத் திறந்து, நிரலைத் திருத்தி, டெஸ்ட்டை ஓட்டி, சிவப்பு வந்தால் மறுபடியும் திருத்துகின்றன. பச்சை வரும்வரை விடாது. பச்சைக்குப் போக இரண்டு வழி உண்டு, நிரலைச் சரிசெய்வது ஒன்று, டெஸ்ட்டை வளைப்பது இன்னொன்று. இது என் கற்பனை அல்ல. 2025 பிப்ரவரியில் கிளாட் 3.7 சானெட் மாடலோடு அதைச் செய்த ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ஆவணத்தில், டெஸ்ட் எதிர்பார்க்கும் விடையை மட்டும் நிரலுக்குள் நேரடியாக எழுதிவைத்துத் தேறிவிடும் போக்கு அந்த மாடலிடம் சில நேரம் தென்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் ஓப்பன்ஏஐ, பயிற்சியில் இருந்த தன் மாடல் ஒன்று டெஸ்ட் ஓடி முடிவதற்கு முன்பே புரோகிராமை வெற்றிக் குறியோடு நிறுத்திவிடும் குறுக்குவழியைக் கண்டுபிடித்ததை விவரித்தது. செய்தவர்களே வெளிப்படையாகச் சொன்னது பாராட்ட வேண்டிய விஷயம். எங்கள் பக்கம் இதற்கு நாங்கள் செய்திருப்பது எளிய ஏற்பாடு. நிரலை ஏற்கலாமா என்று முடிவு செய்யும் ஏற்புச் சோதனைகள் இருக்கும் ஃபோல்டரில் ஏஜென்ட்டுக்கு எழுதும் அனுமதி கிடையாது. புது நிரலை முதன்மை நிரலோடு மெர்ஜ் செய்யும் முன் ஓடும் டெஸ்ட், ஏஜென்ட் தொட முடியாத பிரதியிலிருந்து ஓடும். மற்ற டெஸ்ட் கோப்புகளில் ஒரு வரி மாறியிருந்தாலும் அதை நிரல் மாற்றத்தோடு கலக்காமல் தனியாகத்தான் ரிவியூ செய்கிறோம்.

இல்லாத லைப்ரரியை (பிறர் எழுதிப் பகிர்ந்த நிரல் தொகுப்பை) இருப்பதாகச் சொல்லி இழுத்து வருவது தனித் தொல்லை. 2024இல் வந்த ஓர் ஆய்வில் 16 மாடல்களிடம் 5,76,000 நிரல் துண்டுகளை எழுதி வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்பனைப் பெயர்கள் அகப்பட்டன. அந்தப் பெயரில் யாராவது உண்மையிலேயே ஒரு நச்சு லைப்ரரியைப் பதிவேற்றி வைத்தால் நாம் அதை நிறுவிக்கொள்வோம். புது லைப்ரரி எது வந்தாலும் மனிதர் ஒருவர் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் உச்சத்தில் இருப்பது கணித நிரூபணம். டெஸ்ட்டால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்று காட்ட முடியாது என்று கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே சொன்னார். சிட்னியில் 2009இல் எஸ்இஎல்4 என்ற இயங்குதளக் கருவின் சுமார் 8,700 வரி சி மொழி நிரலுக்கு முழு நிரூபணம் எழுதி முடித்தார்கள். நிரூபணம் மட்டும் ஏறத்தாழ 2,00,000 வரி. ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. இந்த இடத்தில்தான் ஏஐ மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. டாஃப்னி, லீன் போன்ற மொழிகளில் நிரூபணத்தை மாடல் எழுதட்டும். அதைச் சரிபார்ப்பது ஒரு கறாரான தனி நிரல். மாடல் எத்தனை முறை தவறாக எழுதினாலும் நமக்கு நஷ்டமில்லை. சரியான நிரூபணம் மட்டுமே உள்ளே வர முடியும். எழுதுகிறவர் வேறு, தீர்ப்புச் சொல்கிறவர் வேறு என்பது அங்கே அமைப்பிலேயே இருக்கிறது.

ஆனால் எதை நிரூபிப்பது? வரிசைப்படுத்தும் ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். “விடை ஏறுவரிசையில் இருக்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால், எதைக் கொடுத்தாலும் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷனும் அதை நிறைவேற்றிவிடும், நிரூபணமும் கிடைத்துவிடும். “கொடுத்த உறுப்புகள் அத்தனையும், எத்தனை முறை இருந்தனவோ அத்தனை முறை, விடையில் இருக்க வேண்டும்” என்று சேர்த்தால்தான் அது வரிசைப்படுத்துதல். வரிக் கணக்கும் அப்படியே. “விடை முழு ரூபாயாக இருக்க வேண்டும், கொடுத்த தொகையிலிருந்து ஐம்பது காசுக்கு மேல் விலகக் கூடாது” என்று எழுதினால் பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. அந்த வாக்கியத்துக்கு 112உம் சம்மதம், 113உம் சம்மதம். 170ஆவது பிரிவைப் படித்த ஒருவர் “சரிபாதி என்றால் மேலே” என்று எழுதிச் சேர்க்காதவரை, எவ்வளவு கறாரான சரிபார்ப்பும் தவறான விடைக்கு முத்திரை குத்தித்தான் அனுப்பும்.

கடை பில்லுக்கெல்லாம் லீனில் நிரூபணம் எழுத யாருக்கும் நேரம் இல்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் அதிகம் நம்புவதும் அன்றாடம் செய்வதும் அதைத்தான். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கோயன் கிளாசன், ஜான் ஹியூஸ் இருவரும் ஹாஸ்கெல் மொழிக்காகச் செய்து 2000இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட குவிக்செக்தான் அதன் தொடக்கம். பைதானில் ஹைபாதிசிஸ் என்ற லைப்ரரி அதே வேலையைச் செய்கிறது. இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை என்று ஒவ்வொன்றாக எழுதாமல், எந்த உள்ளீட்டுக்கும் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒரு விதியை மட்டும் எழுதுகிறோம். கருவி நூற்றுக்கணக்கான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி அந்த விதியை உடைக்கப் பார்க்கும். உடைந்தால், உடைக்கும் உள்ளீட்டை முடிந்தவரை சின்னதாக்கிக் கையில் கொடுக்கும்.

இதை எல்லோரும் செய்து பார்க்கும்படி ஓர் உதாரணம். தமிழ் உரையைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தேடல் பட்டியல் தயாரிக்க வேண்டும். எந்த மாடலிடம் கேட்டாலும் உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், ‘சொல்லின் எழுத்து’ என்று பொருள்படும், பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறியைப் போட்டு எழுதித் தர வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்துக்கு அது வேலை செய்யும், டெஸ்ட்டும் ஹலோ, வேர்ல்டு என்று ஆங்கிலத்தில்தான் வரும், பச்சைதான். ஆனால் பைதானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரி, தமிழின் புள்ளியையும் கால், கொம்பு, கொக்கி போன்ற உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகக் கருதுவதில்லை. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அவை எழுத்துகள் அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். ஆகவே ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வெளியே வரும். கல், கலை, கலி, கலா நான்குமே ‘கல’ என்று பதிவாகும். கலை பற்றித் தேடுகிறவருக்குக் கல் உடைக்கும் குவாரி பற்றிய பக்கமும் வந்து நிற்கும்.

இதற்கு நான் எழுதுவது ஒரு விதிதான்: உள்ளே போன உரையில் வெற்றிடமும் நிறுத்தற்குறியும் தவிர மற்ற ஒவ்வொரு குறியும், அதே வரிசையில், வெளியே வந்த சொற்களில் இருக்க வேண்டும். எதுவும் தொலையக் கூடாது. தமிழ் எழுத்துத் தொகுதியிலிருந்து சொற்களை உருவாக்கும்படி கருவியிடம் சொல்லிவிட்டால், ஓரிரு குறிகள் மட்டுமே கொண்ட உள்ளீட்டையே தவறு நடக்கும் இடமாகக் காட்டிவிடும். அந்த விதியை எழுத எனக்கு மாடலின் நிரல் தேவைப்படவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும். விதியை நான் எழுதிய பிறகு நிரலை மாடல் எத்தனை விதமாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

நம் டெஸ்ட்டுகளே போதுமானவையா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. நிரலில் வேண்டுமென்றே சின்னச் சின்னப் பிழைகளை நுழைத்துப் பார்ப்பது. பெரிது என்பதை ‘பெரிது அல்லது சமம்’ என்று மாற்றுவது, கூட்டலைக் கழித்தலாக்குவது. மாற்றிய பிறகும் எல்லாம் பச்சையாகவே இருந்தால் அந்த வரியை எந்த டெஸ்ட்டும் காவல் காக்கவில்லை என்று பொருள். டெமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் 1978இலேயே முன்வைத்த முறை. அன்றைய கணினிகளுக்கு இது கட்டுப்படியாகாத வேலை, இன்று சாதாரணம். பிழை நுழைக்கும் வேலையை ஏஐயிடமே கொடுக்கிறேன். புதுப் புது விதமாக நிரலைக் கெடுப்பதில் அது மிகவும் கெட்டி. அந்த வேலைக்கு அதைத் தாராளமாக நம்பலாம், ஏனென்றால் அங்கே டெஸ்ட்தான் தேர்வு எழுதுகிறது.

உங்கள் மென்பொருள் தமிழைத் தொடுகிறது என்றால், சோதனைத் தரவில் சேர்த்துக்கொள்ளச் சில சொற்களைச் சொல்கிறேன். ‘தமிழ்’ முதலில், அதன் நீளம் கணினிக்கு ஐந்து, வாசகருக்கு மூன்று. ‘கொற்றவை’ என்ற பெயரை இரண்டு விதமாக வையுங்கள். முதல் எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்த ஒற்றைக் குறியோடு ஒன்று, கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிட்டால் கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். ‘ஔவை’ என்பதை ஔ போட்டு ஒன்றும், ஒ பக்கத்தில் ள போட்டு ஒன்றும் எழுதுங்கள். இதை என்எஃப்சியும் ஒன்றாக்காது, ஆனால் நம் மக்கள் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள் என்பதால் என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் இருக்கட்டும். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த இனிஷியல் ஒன்றும், 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி போட்ட தொகை ஒன்றும் இருக்கட்டும். எதிர்பார்க்கும் விடையை ஒவ்வொன்றுக்கும் நேராக நீங்களே கையால் எழுதுங்கள், ஏஐயிடம் ஃபங்ஷனைக் கேட்பதற்கு முன்பே.